டிஆர் சர்வர் கைகொடுக்காதபோது: ஹைப்பர்-வி ரெப்ளிகா கோளாறுகள், அறிகுறி வாரியாக

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் மெயின் சர்வர், கடலூர் மஞ்சக்குப்பம் கிளையில் டிஆர் (டிசாஸ்டர் ரெகவரி, மெயின் விழுந்தால் கைகொடுக்கும் மாற்று) சர்வர், நடுவே ஒரு விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப்பாதை). மெயினில் நாலைந்து விஎம் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி): டொமைன் கன்ட்ரோலர் (பயனாளர் லாகினைச் சரிபார்ப்பது), டேலி, எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்), ஃபைல் சர்வர். இரண்டு பக்கமும் விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தையது. விஎம்களை ஓட்டுவது விண்டோஸின் ஹைப்பர்-வி. மெயினில் மாறுவதைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை டிஆருக்கு நகலெடுப்பது அதன் ரெப்ளிகா, மெயின் விழுந்தால் அந்த நகலை எழுப்புவது ஃபெயில்ஓவர். இப்படி ஓர் அமைப்பை மனதில் வைத்து எழுதியது இது. விஎம்வேர், பிராக்ஸ்மாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மெனு பெயர்கள் மாறும், கோளாறுகள் பெரிதாக மாறாது.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். எதையும் தொடுவதற்கு முன், விஎம்மின் மேல் ரைட் கிளிக் செய்து ரெப்ளிகேஷன், வியூ ரெப்ளிகேஷன் ஹெல்த் போய் அந்தத் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வெற்றிகரமாக நகல் போன நேரம் அதில் இருக்கிறது. பிறகு எந்த நொடி வரை டேட்டா பத்திரம் என்ற கேள்வி வரும்போது பதில் அந்தப் படத்தில்தான் இருக்கும்.

## "முதல் நகலே ஏற மாட்டேங்குது"

எனேபிள் ரெப்ளிகேஷன் கொடுத்ததும் டிஆர் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பிழை வந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

டிஆர் சர்வரின் ஹைப்பர்-வி செட்டிங்ஸில் ரெப்ளிகேஷன் கான்ஃபிகரேஷனுக்குள் "இந்தக் கணினியை ரெப்ளிகா சர்வராக இயக்கு" என்ற டிக் இருக்கிறதா? அந்த டிக் போட்டாலும் ஃபயர்வால் விதி தானாகத் திறக்காது. பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். விண்டோஸ் ஃபயர்வாலின் இன்பவுண்ட் ரூல்ஸில் ஹைப்பர்-வி ரெப்ளிகா ஹெச்டிடிபி லிஸனர் (விண்டோஸ் டொமைனின் அடையாளச் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ் என்றால், போர்ட் 80) அல்லது ஹெச்டிடிபிஎஸ் லிஸனர் (சான்றிதழ் என்றால், போர்ட் 443) விதியை நீங்களே எனேபிள் செய்ய வேண்டும். இதை இரண்டு சர்வரிலும் இன்றே செய்துவிடுங்கள். மெயின் பக்கம் செய்யாமல் விட்டதன் வலி பல மாதம் கழித்து, திரும்பி வரும் நாளில்தான் தெரியும்.

அடுத்தது பெயர். மெயினிலிருந்து டிஆரின் முழு டொமைன் பெயரை பிங் செய்து பாருங்கள். ஐபி எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்ஸில் கோளாறு. கெர்பரோஸுக்குப் பெயர்தான் வேண்டும், ஐபி எண் போதாது.

இரண்டு சர்வர்களின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும். சிமோஸ் பேட்டரி தீர்ந்த பழைய சர்வர், நீண்ட மின்தடைக்குப் பிறகு தவறான தேதியோடு எழுந்தால் இதுதான் நடக்கும்.

இரண்டும் ஒரே டொமைனிலோ, ஒன்றையொன்று நம்பும் டொமைன்களிலோ இல்லையென்றால் கெர்பரோஸ் வேலைக்கு ஆகாது. சான்றிதழ் முறைக்கு மாறுங்கள். சான்றிதழில் சர்வர் ஆதன்டிகேஷன், கிளையன்ட் ஆதன்டிகேஷன் இரண்டு பயன்பாடும் இருக்க வேண்டும், பெயர் சர்வரின் முழுப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பிரைவேட் கீ கூடவே இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நகல் ஒரு நாள் காலை எல்லா விஎம்முக்கும் ஒரே நேரத்தில் நின்றால் சான்றிதழ் காலாவதி தேதியைப் பாருங்கள். புதியதை ஏற்றினால் மட்டும் போதாது. ரெப்ளிகா சர்வர் செட்டிங்ஸிலும், ஒவ்வொரு விஎம்மின் ரெப்ளிகேஷன் செட்டிங்ஸிலும் புதிய சான்றிதழைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

தொடர்பு சரி, ஆனால் விழுக்காடு நகரவே இல்லை என்றால் அது கோளாறே அல்ல, கணக்கு. 1 டிபி டிஸ்க் 20 எம்பிபிஎஸ் அப்லோடில் போக 4 லட்சம் நொடி, அதாவது நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் வேறு யாரும் அந்த லைனைத் தொடாமல் இருந்தால். கம்ப்ரஷன் கொஞ்சம் குறைக்கலாம். அது ஏறுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இனிஷியல் ரெப்ளிகேஷன் முறையில் "எக்ஸ்டர்னல் மீடியா" தேர்ந்தெடுத்து ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பேருந்தில் ஏறுங்கள். 20 சொச்சம் கிலோமீட்டர். அங்கே ரெப்ளிகா விஎம்மில் இம்போர்ட் இனிஷியல் ரெப்ளிகா கொடுத்தால் முடிந்தது. அந்த டிஸ்க்கில் கம்பெனியின் மொத்த டேட்டாவும் பூட்டில்லாமல் இருக்கும். எடுக்கும் முன்பே அதற்கு பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போடுங்கள்.

## "மஞ்சள் முக்கோணம் வந்துடுச்சு, நகல் பின்தங்குது"

ஹெல்த் திரையில் வார்னிங். அதைத் திறந்தால் நான்கைந்து வரிகள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டும். உதாரணமாக:

ஆவரேஜ் சைஸ் 180 எம்பி. ஆவரேஜ் லேட்டன்சி 6 நிமிடம் 10 நொடி. மிஸ்ட் சைக்கிள்ஸ் 31.

நீங்கள் வைத்திருக்கும் இடைவெளி 5 நிமிடம். 180 எம்பியை 5 நிமிடத்துக்குள் அனுப்ப இடையறாத 4.8 எம்பிபிஎஸ் அப்லோட் தேவை. ஆனால் அது போய்ச் சேரவே 6 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே அடுத்த சுற்று தவறுகிறது, சுற்றுகள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தவறினால் வார்னிங். இந்த மூன்று வரியையும் சேர்த்துப் படித்தால் லைன் பத்தவில்லையா, டேட்டா அதிகமா என்று பிரித்துவிடலாம். சைஸ் வழக்கம்போல இருந்து லேட்டன்சி ஏறியிருந்தால் கோளாறு லைனிலோ டிஆர் பக்கத்து டிஸ்க்கிலோ. சைஸே ஏறியிருந்தால் விஎம்முக்குள் யாரோ புதிதாக நிறைய எழுதுகிறார்கள்.

சைஸ் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் இரவு பேக்கப். எஸ்க்யூஎல் பேக்கப் 40 ஜிபி கோப்பாக, நகலாகும் அதே டி டிரைவில் விழுகிறதா? அந்தக் கோப்பும் கடலூருக்குப் போகும். 20 எம்பிபிஎஸ்ஸில் நாலரை மணி நேரம் லைனை அதுவே தின்னும். பேக்கப்பை விஎம்முக்கு வெளியே ஒரு நாஸுக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) அனுப்புங்கள். அடுத்தது பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது விண்டோஸ் எழுதும் கோப்பு), எஸ்க்யூஎல்லின் டெம்ப்டிபி (அதன் தற்காலிக டேட்டாபேஸ்). இரண்டையும் தனி விஹெச்டிஎக்ஸில் (விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் கோப்பு) வைத்து, அந்த டிஸ்க்கை நகலிலிருந்து விலக்கலாம். டெம்ப்டிபியை விலக்கும்போது ஒரு எச்சரிக்கை: டிஆரில் அந்த டிரைவ் இல்லையென்றால் எஸ்க்யூஎல் சர்வீஸ் ஸ்டார்ட்டே ஆகாது. விஎம்மை ஒருமுறை நிறுத்தி அந்த விஹெச்டிஎக்ஸைக் காப்பி எடுத்து டிஆர் விஎம்மில் மாட்டி வையுங்கள். உள்ளே இருப்பது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, டிரைவ் எழுத்தும் ஃபோல்டரும் இருந்தால் போதும்.

சைஸ் மாறவில்லை, லேட்டன்சி மட்டும் ஏறியது என்றால், லைனில் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கும்போது டவுன்லோடைப் பார்க்காதீர்கள், அப்லோட்தான் கணக்கு. அலுவலக நேரத்தில் ஒருமுறை, இரவு ஒருமுறை எடுங்கள். பகலில் மட்டும் மோசம் என்றால் சிசிடிவி பதிவோ கிளவுட் சிங்க்கோ அதே லைனில் ஏறுகிறது. ரௌட்டரில் நகலுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். லைன் நன்றாக இருந்தால் டிஆர் சர்வரின் டிஸ்க்கைப் பாருங்கள். "சும்மா இருக்கிற சர்வர்தானே" என்று டிஆருக்குச் சாதா சாட்டா டிஸ்க் ஒன்றைப் போட்டுவிடுவதும், நகல் வாங்கும் அதே நேரத்தில் அதை பேக்கப் எடுக்கச் சொல்வதும் இங்கே அதிகம். ரெகவரி பாயிண்ட் (திரும்பிப் போக டிஆரில் சேமித்த பழைய நிலை) 24 வைத்திருந்தால் அந்த டிஸ்க்குக்கு இன்னும் பாரம். அதை 6 அல்லது 8 ஆகக் குறைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் தீரவில்லையென்றால் இடைவெளியை 15 நிமிடமாக்குங்கள். 15 நிமிட பில்லைத் திரும்ப அடிக்க முடியும் என்று கணக்குப் பிரிவு சொன்னால் புது லீஸ்டு லைனுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முடியாது என்றால்தான் லைனை உயர்த்துங்கள்.

## "சிவப்பு, ரீசிங்க்ரனைசேஷன் கேக்குது"

மெயினில் எழுதப்படும் மாற்றங்கள் ஹெச்ஆர்எல் என்ற லாக் கோப்பில் சேர்ந்து, டிஆருக்குப் போய் அங்கே சேர்க்கப்படும். அந்தச் சங்கிலி அறுந்தால் ரீசிங்க் கேட்கும். அறுபடும் இடங்கள்:

மின்தடையில் மெயின் சர்வர் படீரென அணைந்தது. யூபிஎஸ் இருந்தும் அணைந்தால் யூபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் இடையில் யூஎஸ்பி கேபிள் இருக்கிறதா, ஷட்டவுன் மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி தீரும் முன் சர்வரைத் தானே மூட அந்தக் கேபிள்தான் சொல்கிறது. கடற்கரையோர ஈரக்காற்றில் பேட்டரி டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

லைன் பல நாள் படுத்துக்கிடந்தது. லாக் கோப்பு வளர்ந்து டிஸ்க் அளவில் பாதியைத் தாண்டினால் ஹைப்பர்-வி கைவிட்டு ரீசிங்க்குக்குப் போய்விடும். இதில் உண்மையான ஆபத்து வேறு. அந்த லாக் மெயினின் டிஸ்க்கிலேயே வளர்கிறது. இடம் தீர்ந்தால் உங்கள் உற்பத்தி விஎம்மே பாஸ் ஆகி நின்றுவிடும். லைன் நீண்ட நாள் வராது என்று தெரிந்தால் மெயின் டிஸ்க்கில் மீதி இடத்தைத் தினமும் பாருங்கள். 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் பெரிய விஎம் ஒன்றின் ரெப்ளிகேஷனை நீக்குங்கள், லாக் போய்விடும். டிஆரில் இருக்கும் அதன் விஹெச்டிஎக்ஸை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

விஎம் அணைந்திருந்தபோது யாரோ அதன் விஹெச்டிஎக்ஸை மவுன்ட் செய்து எதையோ திருத்தினார்கள், அல்லது பழைய செக்பாயின்டுக்கு (விஎம்மின் சேமித்த நிலை) திரும்பினார்கள்.

ரீசிங்க் ஓட ஆரம்பித்தால் இரண்டு பக்கத்து டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். போகும் டேட்டா குறைவாக இருந்தாலும் டிஸ்க்குக்கு வேலை கடுமை, பயனாளர்களுக்கு மெதுவாகும். தானாக ரீசிங்க் ஓடும் நேரம் இயல்பில் மாலை 6.30 முதல் காலை 6 வரை. ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலை என்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். ரீசிங்க் இரண்டு முறை பாதியில் விழுந்தால் மூன்றாவது முறை முயலாதீர்கள். ரெப்ளிகேஷனை நீக்கிவிட்டு மறுபடி எனேபிள் செய்யும்போது "டிஆரில் ஏற்கெனவே இருக்கும் விஎம்மை முதல் நகலாக எடுத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ரீசிங்க் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே விழுக்காட்டில் விழுகிறது, கூடவே ஈவன்ட் வியூவரில் டிஸ்க் பிழைகள். அது ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கோத்த தொகுப்பு) அல்லது டிஸ்க் சாவதன் அறிகுறி. ரீசிங்க்கை நிறுத்தி, முதலில் பேக்கப் எடுத்துவிட்டு வன்பொருள் ஆளைக் கூப்பிடுங்கள். சாகும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கச் சொல்வது அதன் சாவை விரைவுபடுத்தும்.

## "எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. ஃபெயில்ஓவர் பண்ணினா டி டிரைவைக் காணோம்"

இதைத் தனியாக எழுதக் காரணம், இதற்கு முன்னறிவிப்பே கிடையாது. 2016 பதிப்பிலிருந்து, நகலாகிக்கொண்டிருக்கும் விஎம்மில் புதிய டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் ரெப்ளிகேஷன் உடையாது. அந்த டிஸ்க்கை நகலாகாதவை பட்டியலில் போட்டுவிட்டுத் தன் வழியே ஓடும், ஹெல்த் நார்மல். போன வருடம் இடம் பத்தாமல் சேர்த்த டி டிரைவில் டேலி டேட்டாவை மாற்றியிருப்பீர்கள். சி டிரைவ் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கடலூர் போய்க்கொண்டிருக்கும்.

சோதனை எளிது. மெயினில் விஎம்மின் செட்டிங்ஸைத் திறந்து ஹார்டு டிரைவ் எத்தனை என்று எண்ணுங்கள். டிஆரில் அதே விஎம்மில் எண்ணுங்கள். குறைந்தால், பவர்ஷெல்லில் செட்-விஎம்ரெப்ளிகேஷன் கட்டளையில் ரெப்ளிகேட்டட்டிஸ்க்ஸ் என்ற பகுதிக்கு விஎம்மின் எல்லா டிஸ்க்கையும் கொடுங்கள். புதிய டிஸ்க் முழுக்கப் போய்ச் சேர நேரம் எடுக்கும், வெள்ளி மாலை தொடங்குங்கள்.

மெமரியும் இப்படித்தான். மெயினில் விஎம்முக்கு 8 ஜிபியை 24 ஆக்கினால் டிஆர் விஎம் 8 ஜிபியிலேயே நிற்கும். அமைப்பு மாற்றங்கள் நகலில் போவதில்லை. மெயினில் எதை மாற்றினாலும் அதே கையோடு டிஆரிலும் மாற்றுங்கள்.

பச்சை நிறம் சொல்வது, கேட்ட டிஸ்க்குகள் கேட்ட நேரத்தில் போயின என்பதை மட்டும்தான். விஎம் எழுமா, எஸ்க்யூஎல் திறக்குமா, பில் போடலாமா என்பதை டெஸ்ட் ஃபெயில்ஓவர் ஒன்றுதான் சொல்லும். டிஆரில் விஎம்மின் மேல் ரைட் கிளிக், ரெப்ளிகேஷன், டெஸ்ட் ஃபெயில்ஓவர். பெயரோடு "டெஸ்ட்" ஒட்டிய தனி விஎம் ஒன்று உருவாகும், நகல் பாட்டுக்கு ஓடும், மெயினுக்கு எந்த இடையூறும் இல்லை. நெட்வொர்க் அடாப்டரின் டெஸ்ட் ஃபெயில்ஓவர் பகுதியில் ஒரு பிரைவேட் ஸ்விட்ச்சைக் கொடுத்து, டொமைன் கன்ட்ரோலர், எஸ்க்யூஎல் இரண்டையும் அதில் சேர்த்து எழுப்பிப் பாருங்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை உட்காரவைத்து நேற்றைய கடைசி பில்லைத் திறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஸ்டாப் டெஸ்ட் ஃபெயில்ஓவர் கொடுக்க மறக்காதீர்கள், விட்டால் டிஆர் டிஸ்க்கைத் தின்றுகொண்டே இருக்கும். இதை ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்ய முடியும் என்றால் செப்டம்பரில் செய்யுங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்.

## "டிஆரில் விஎம் ஸ்டார்ட்டே ஆகலை"

போதிய மெமரி இல்லை என்கிறது. டிஆர் சர்வர் மெயினைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம். எல்லா விஎம்மையும் எழுப்பப் பார்க்காதீர்கள். டொமைன் கன்ட்ரோலர், எஸ்க்யூஎல், டேலி, இந்த வரிசை போதும். மற்றவற்றின் ஸ்டார்ட்அப் மெமரியைக் குறையுங்கள்.

கீ புரொடெக்டரைத் திறக்க முடியவில்லை என்கிறது. விஎம்மில் விர்ச்சுவல் டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் சிப்பின் மென்பொருள் வடிவம்) இயக்கப்பட்டிருக்கிறது, அதன் சாவி மெயின் சர்வரின் சான்றிதழ்க் கிடங்கில் இருக்கிறது. மெயினில் ஷீல்டட் விஎம் லோக்கல் சர்டிஃபிகேட்ஸ் என்ற இடத்திலுள்ள இரண்டு சான்றிதழ்களையும் பிரைவேட் கீயோடு எக்ஸ்போர்ட் செய்து டிஆரில் அதே இடத்தில் ஏற்ற வேண்டும். மெயின் எரிந்தோ முங்கியோ போன பிறகு இதைச் செய்ய வழியில்லை. இன்று எடுத்து, கடவுச்சொல்லோடு, அலுவலகத்துக்கு வெளியே ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

எழுகிறது, ஆனால் டேட்டாபேஸ் திறக்கவில்லை. ஃபெயில்ஓவர் செய்தபோது கடைசி ரெகவரி பாயிண்டை எடுத்திருப்பீர்கள். அது கரன்ட் போன நொடியில் நின்ற டிஸ்க்குக்குச் சமம். கேன்சல் ஃபெயில்ஓவர் கொடுத்து, அதற்கு முந்தைய பாயிண்டையோ அப்ளிகேஷன் கன்சிஸ்டன்ட் (மென்பொருள் எழுதிக்கொண்டிருந்ததை முடித்த நிலையில் எடுத்தது) என்று குறித்த பாயிண்டையோ எடுத்துப் பாருங்கள். இரண்டு விதிகள்: யாரையும் உள்ளே விடுவதற்கு முன் இந்தச் சோதனையை முடியுங்கள், ஏனெனில் கேன்சல் செய்தால் அதுவரை உள்ளே பதிந்தது போய்விடும். பாயிண்ட் சரிதான் என்று தெரியும்வரை ரிமூவ் ரெகவரி பாயிண்ட்ஸ் பக்கம் போகாதீர்கள், போனால் பின்வாங்க முடியாது. எந்தப் பாயிண்டிலும் டேட்டாபேஸ் திறக்கவில்லையென்றால் எஸ்க்யூஎல் தெரிந்தவரை அழையுங்கள். இணையத்தில் கண்ட ரிப்பேர் கட்டளையை முதலில் ஓட்டிவிட்டு அழைத்தால் அவரும் கைவிரிக்க வேண்டிவரும்.

## "சர்வர் ஓடுது, ஆனா யாருக்கும் கனெக்ட் ஆகலை"

டிஆர் விஎம்மின் நெட்வொர்க் அடாப்டர் "நாட் கனெக்டட்" என்று இருக்கும். மெயினிலும் டிஆரிலும் விர்ச்சுவல் ஸ்விட்ச் பெயர் ஒன்றாக இல்லாததால் வருவது. ஸ்விட்ச்சைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது.

அது சரியென்றால் ஐபி. கடலூரில் வேறு சப்நெட் (ஐபி வரிசை), விஎம் இன்னும் புதுச்சேரி ஐபியோடு உட்கார்ந்திருக்கிறது. டிஆர் விஎம்மின் அடாப்டரில் ஃபெயில்ஓவர் டிசிபி-ஐபி என்ற பகுதியில் கடலூர் ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தால் எழும்போதே அதை எடுத்துக்கொள்ளும். லெகசி அடாப்டரில் இது நடக்காது. மெயின் பக்கத்து விஎம்மிலும் புதுச்சேரி ஐபியை இதே இடத்தில் எழுதிவிடுங்கள், திரும்பி வரும்போது உதவும்.

ஐபி சரி, பெயர்தான் இன்னும் பழைய இடத்தைக் காட்டுகிறது என்றால் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் (பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்ற அளவு) பாருங்கள். சர்வர் பெயர்களுக்கு 300 நொடி போதும். லாகின் ஆகவே இல்லை என்றால், டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலரை மெயினில் வைத்து அதை நகலெடுப்பதைவிட, கடலூரில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை எப்போதும் உயிரோடு ஓடவிடுவது மேல். ஆக்டிவ் டைரக்டரி தன் நகலைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மென்பொருள் "லைசென்ஸ் இல்லை" என்றால் மேக் எண் (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) மாறியிருக்கும். விஎம்முக்கு ஸ்டாட்டிக் மேக் கொடுத்து இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் சாவியாகச் செருகும் துண்டு) கேட்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்-வியில் நேர்வழி இல்லை. மெயினோடு டாங்கிளும் போய்விட்டால் என்ன செய்வது என்பதை விற்றவரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## "காலையில போட்ட பில் மத்தியானம் இல்லை"

உடனே இரண்டு அலுவலகத்துக்கும் போன் போட்டு எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள். ஒரே சர்வர் இரண்டு இடத்தில் ஓடுகிறது.

நடந்தது இது: மெயினில் கரன்ட் போனது, டிஆரில் ஃபெயில்ஓவர் செய்தீர்கள். கரன்ட் வந்ததும் மெயின் தானாக எழுந்தது, "முன்பு ஓடியிருந்தால் ஸ்டார்ட் செய்" என்ற இயல்பு அமைப்பின்படி அதிலிருந்த விஎம்மும் எழுந்தது. கடலூரில் ஃபெயில்ஓவர் நடந்தது அதற்குத் தெரியாது. புதுச்சேரிக்காரர்கள் ஒன்றில் எழுதுகிறார்கள், கடலூர்க்காரர்கள் இன்னொன்றில்.

மெயின் விஎம்மின் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், அணையுங்கள், அதன் எல்லா விஹெச்டிஎக்ஸையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இதை முடிக்காமல் ரிவர்ஸ் ரெப்ளிகேஷன் (டிஆரிலிருந்து மெயினுக்குத் திருப்பி நகலெடுப்பது) கொடுத்தால் மெயினில் தனியாக எழுதியதெல்லாம் மேலெழுதப்பட்டு அழியும். இரண்டு பக்கத்திலும் பிரிந்த பின் எழுதியவை எவை என்று பில் எண், நேரம் வைத்துப் பட்டியல் எடுங்கள். 20, 30 பில் என்றால் கையால் அடித்துவிடலாம். அதற்கு மேல் என்றாலும், சரக்கு இருப்பு, சம்பளம் போன்றவை கலந்திருந்தாலும் மென்பொருள் தந்தவரையும் ஆடிட்டரையும் கூப்பிடுங்கள். இதை ஐடி ஆள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது.

மீண்டும் வராமலிருக்க: மெயினில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட் ஆக்ஷனை "நத்திங்" என்று வையுங்கள். மின்தடைக்குப் பின் ஒருவர் கையால் எழுப்ப வேண்டியிருக்கும், இருக்கட்டும்.

## "ஃபைல் பேரெல்லாம் மாறியிருக்கு, எதுவும் திறக்கலை"

ரான்சம்வேர். நகல் இதையும் 5 நிமிடத்தில் கடலூருக்குக் கொண்டுபோகும். முதல் வேலை, டிஆர் சர்வரில் எல்லா விஎம்முக்கும் பாஸ் ரெப்ளிகேஷன். இரண்டாவது, மெயினின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், அணைக்காதீர்கள். ரெகவரி பாயிண்ட் மணிக்கு ஒன்றாக அதிகபட்சம் 24 வரைதான், அதாவது ஒரு நாள். தாக்குதல் வெள்ளி இரவு தொடங்கித் திங்கள் காலை தெரிந்தால் எல்லாப் பாயிண்டும் கெட்டிருக்கும். அதனால் ரெப்ளிகா இருக்கிறதென்று பேக்கப்பை நிறுத்தாதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பிரதியாவது வேண்டும். பழைய பாயிண்டை டெஸ்ட் ஃபெயில்ஓவரில், ஸ்விட்ச் எதுவும் கொடுக்காமல் திறந்து பாருங்கள். இந்த அறிகுறிக்கு முதல் மணி நேரத்திலேயே நிபுணர் வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு.

## "மெயின் சரியாயிடுச்சு, திரும்பிப் போக விட மாட்டேங்குது"

மெயின் சர்வரை ரெப்ளிகா சர்வராக அமைக்கவில்லை, அல்லது அதன் ஃபயர்வால் விதி திறக்கவில்லை. முதல் அறிகுறியின் கீழ் சொன்னதுதான். இரண்டையும் சரிசெய்து, மெயினில் பழைய விஎம் அணைந்திருப்பதை உறுதிசெய்து, டிஆரில் ரிவர்ஸ் ரெப்ளிகேஷன் கொடுங்கள். மாற்றங்கள் முழுக்கத் திரும்பி, ஹெல்த் ஒரு நாளாவது நார்மலில் நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை பிளான்ட் (திட்டமிட்ட) ஃபெயில்ஓவர் செய்து வீடு திரும்புங்கள். அவசரப்பட வேண்டாம். டிஆரில் ஓடுவது மெதுவாக இருந்தாலும் ஓடுகிறது.

## "கூண்டு ஏத்திட்டாங்க"

புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால், அதுவே உங்கள் அறிகுறி. கரன்ட் இருக்கும்போதே விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்து பிளான்ட் ஃபெயில்ஓவர் கொடுத்தால் மீதி மாற்றங்களும் போய்ச் சேரும், ஒரு பில்கூட இழக்க மாட்டீர்கள். கரன்ட் போன பிறகு செய்தால் கடைசிச் சுற்றில் போகாதது போனதுதான்.

ஆனால் எங்கே போவது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழை ஓய்ந்த பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. மெயின் ஒரு நாள் முங்க, டிஆர் அடுத்த நாள் முங்கும் தூரம்தான் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில். டிஸ்க் சாவு, தீ, தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பு இவற்றுக்குக் கடலூர் டிஆர் நல்லது. புயலுக்குத் திருச்சியிலோ சேலத்திலோ மூன்றாவது நகல் வேண்டும். டிஆர் விஎம்மில் எக்ஸ்டெண்ட் ரெப்ளிகேஷன் கொடுத்தால் அங்கிருந்து இன்னொரு சர்வருக்கு 5 அல்லது 15 நிமிட இடைவெளியில் போகும். மெயினுக்குக் கூடுதல் பாரமில்லை. காசுக்குத் தட்டுப்பாடு என்றால் முக்கியமான ஒரே ஒரு விஎம்மையாவது அனுப்புங்கள்.

தரைத்தளத்தில் இருக்கும் சர்வரை முதல் மாடிக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் ரேக்கில் மேல் தட்டுக்காவது. தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த பிறகு வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள். டிஸ்க்குகளை எந்த ஸ்லாட்டில் எது என்று ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதிக் கழற்றி, அப்படியே டேட்டா ரெகவரி ஆளிடம் கொடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.